ஃப்ரோசன் சிறுகிழங்கு வாங்கலாமா? மூன்று பாக்கெட், சில மாற்றுக் கிழங்குகள், ஒரு சுண்டக்கறி

பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இதைத் தேடிப் படிப்பவர்களுக்கு நேரம் இருக்காது, அதனால் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக் கிழங்காக இருக்கும் பாக்கெட்டை வாங்குங்கள். நறுக்கியதை வாங்காதீர்கள். ஐஸ் இளக விடாமல் நேராகக் கொதிக்கும் தண்ணீரில் போடுங்கள், குக்கர் பக்கமே போகாதீர்கள். பாக்கெட்டே கிடைக்கவில்லை என்றால் ஆன்யா என்று ஒரு சின்ன உருளைக்கிழங்கு இங்கே விற்கிறது, அதை வாங்குங்கள். புளிக்குழம்புக்கு மட்டும் என்றால் சேம்பு போதும். இனி விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஆறு பொங்கல் அனுபவம் இருக்கிறது, அதில் நாலு பொங்கல் வீணாகப் போனது.

எனக்கு ஊர் தென்காசிப் பக்கம். லண்டனில் ஈஸ்ட் ஹாம் வந்து எட்டு வருஷம் ஆகிறது. எங்கள் பக்கத்துப் பொங்கலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கிழங்குப் பண்டிகை. வாசலில் அடுப்பாகப் பொங்கக்கட்டி வைத்துப் பால் பொங்கும்போது பக்கத்தில் வாழையிலையில் சேனை, சேம்பு, பிடிகிழங்கு, பனங்கிழங்கு, சீனிக்கிழங்கு, சிறுகிழங்கு எல்லாம் இருக்க வேண்டும். கல்யாணமான பெண்ணுக்கு அப்பா வீட்டிலிருந்து வரும் பொங்கப்படியில் கரும்பும் மஞ்சள்குலையும் எப்படி முக்கியமோ அப்படிச் சிறுகிழங்கும் முக்கியம். எனக்குக் கல்யாணமாகி முதல் பொங்கல் சென்னையில். அப்பா ரயிலில் சாக்குப் பையோடு வந்து இறங்கினார், அதில் பாதிக்கு மேல் சிறுகிழங்குதான், மண்ணோடு. என் கணவர் சேலத்துக்காரர், அவர் அதுவரை அதைச் சாப்பிட்டதே கிடையாது. இது என்ன, முளைக்காத உருளைக்கிழங்கா என்று கேட்டார். அன்றைக்கு மதியம் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார், அதற்கப்புறம் அந்தக் கேள்வி வரவில்லை.

லண்டனுக்கு அப்பாவால் சாக்குப் பை கொண்டுவர முடியாது. மண் ஒட்டிய கிழங்கைத் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விமானத்தில் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், அது சரியான விதியும்தான், ஒரு கைப்பிடி மண்ணில் என்னென்ன பூச்சி வரும் என்று யாருக்குத் தெரியும். ஆக இங்கே கிடைப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முதலில் பெயர்ச் சிக்கல். கடையில் போய் சிறுகிழங்கு என்று கேட்டால் யாருக்கும் புரியாது. மலையாளிக் கடையில் கூர்க்கா என்று கேளுங்கள். இலங்கைக் கடையில் இன்னல என்று கேளுங்கள், அது சிங்களப் பெயர், பாக்கெட்டில் அப்படித்தான் போட்டிருக்கும். சில பாக்கெட்டில் சைனீஸ் பொட்டேட்டோ என்று ஆங்கிலத்தில் இருக்கும். சீனாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, உருளைக்கிழங்குக்கும் சம்பந்தமில்லை. இது துளசி, புதினா குடும்பம். நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் கற்பூரவல்லிக்கு நெருங்கிய சொந்தம், இலையைப் பார்த்தாலே தெரியும். அதனால்தான் அந்த மணம். உருளைக்கிழங்கில் எவ்வளவு தேடினாலும் அந்த மணம் வராததற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

மணத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கிழங்கைப் பற்றிப் பேச முடியாது. ஊரில் சிறுகிழங்கைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டு, சாக்கில் கட்டி, தரையில் அடித்து அடித்துத் தோலை எடுப்பார்கள். அப்படியும் குழிகளில் கறுப்பாக நிற்கும், அதை அரிவாள்மணையில் சுரண்ட வேண்டும், கை இரண்டு நாளைக்குக் கறுத்துக் கிடக்கும். அம்மாவும் அத்தையும் ஆச்சியும் கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்து செய்யும் வேலை அது. அப்போது வரும் வாசனை, மழை பெய்த தோட்டத்து வாசனையோடு கொஞ்சம் மூலிகை கலந்த மாதிரி இருக்கும். வெந்த பிறகும் தோலை ஒட்டிய பகுதியில் அது நிற்கும். ஆகவே தோலை வழவழவென்று சீவித் தள்ளினால் பாதி ருசி குப்பைக்குப் போய்விடும். மீதிப் பாதி ருசி கடிபடுவதில் இருக்கிறது. நன்றாக வெந்த சிறுகிழங்கு மாவாகக் கரையாது, பல்லுக்கு ஒரு எதிர்ப்புக் கொடுத்து அப்புறம் விட்டுக்கொடுக்கும். மணம், கடி, இந்த இரண்டும்தான் என் அளவுகோல்.

சரி, பாக்கெட்டுகள். கம்பெனிப் பெயர்களையும் கடைப் பெயர்களையும் எழுதவில்லை, பாக்கெட்டின் வகையைச் சொன்னாலே உங்களுக்குக் கண்டுபிடிக்க முடியும்.

முதல் பாக்கெட் கேரளத்திலிருந்து வருவது, முழுக் கிழங்கு, 400 கிராம், நான் வாங்கியபோது 2.75 பவுண்ட். ஐஸைத் தட்டிவிட்டு நிறுத்துப் பார்த்தேன், 360 கிராம் இருந்தது, அது பரவாயில்லை. கிழங்குகள் கோலிக்குண்டு அளவிலிருந்து பெருவிரல் அளவு வரை கலந்து இருந்தன. தோல் எடுத்திருக்கிறார்கள், ஆனால் குழிகளில் அங்கங்கே பழுப்பாகக் கொஞ்சம் விட்டுவைத்திருக்கிறார்கள். சிலர் இதைக் குறை என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு இது நல்ல அடையாளம், மணம் அங்கேதான் இருக்கிறது. தண்ணீரில் போட்ட இரண்டாவது நிமிஷமே சமையலறையில் வாசனை வந்தது, மாடியில் இருந்த என் மகள் என்னம்மா வாசனை என்று கேட்டுக்கொண்டே இறங்கி வந்தாள். ஊர் மணத்தில் முக்கால் பங்கு என்று சொல்வேன். உறைந்துபோய்க் கப்பலில் வந்த ஒரு பொருளில் முக்கால் பங்கு மணம் நிற்கிறது என்பதே பெரிய விஷயம். கடியில்தான் குறைவு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது பாக்கெட்டும் கேரளத்து வகைதான், ஆனால் மெழுக்குபுரட்டி என்ற மலையாளப் பொரியலுக்கு என்று நீளநீளமாக நறுக்கியது. விலை கொஞ்சம் குறைவு. இதைப் பற்றி எனக்கு இன்னும் வருத்தம் இருக்கிறது. பிரித்தால் தனித்தனித் துண்டுகளாக இல்லை, ஒரே செங்கல். பாக்கெட்டுக்குள் பனித்தூள் நிறைய. எங்கேயோ ஒரு இடத்தில் இளகி மறுபடியும் உறைந்திருக்கிறது என்று அர்த்தம். வேகவைத்ததும் துண்டுகளின் ஓரம் எல்லாம் கரைந்து கஞ்சி மாதிரி ஆனது, நடுவில் மட்டும் நார் மாதிரி ஒன்று நின்றது, மணமும் ஃப்ரீசர் மணம்தான். பொங்கல் அன்றைக்குக் காலையில் இப்படி ஆனால் மனசு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்கார அண்ணனிடம் போய்ச் சொன்னேன், அவர் ஒன்றும் பேசாமல் வேறு பாக்கெட் கொடுத்தார், அது நியாயமான மனிதர் செய்கிற காரியம். அவரே ஒரு விஷயமும் சொல்லிக்கொடுத்தார்: வாங்கும்போது பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள், கிழங்குகள் கலகலவென்று தனித்தனியாக ஆடினால் வாங்குங்கள், கல் மாதிரி இறுகியிருந்தால் வைத்துவிடுங்கள். இதற்கப்புறம் எந்த ஃப்ரோசன் காய் வாங்கினாலும் நான் குலுக்காமல் வாங்குவதில்லை.

நறுக்கியது ஏன் கெடுகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. உறையும்போது காய்க்குள் இருக்கும் நீர் ஐஸ் படிகமாகி உள்ளே இருக்கும் செல்களின் சுவரைக் கிழிக்கும். வேகமாக உறையவைத்தால் படிகம் சின்னதாக இருக்கும், சேதம் குறைவு. இளகி மறுபடி உறைந்தால் படிகம் பெரிதாகும், சேதம் அதிகம். முழுக் கிழங்கில் வெளிப்புறம் கொஞ்சம் காப்பாற்றும். நறுக்கிய துண்டுக்கு எல்லாப் பக்கமும் திறந்த காயம்.

மூன்றாவது இலங்கைப் பாக்கெட், இன்னல. முழுக் கிழங்குதான், ஆனால் சின்னது, சுத்தமாகத் தோல் சீவி வெள்ளையாக இருக்கும். நான் வாங்கியபோது விலை 3.20 பவுண்ட். பார்க்க அழகாக இருக்கிறது, சுத்தத்தில் குறையே சொல்ல முடியாது, வெந்த பிறகும் முதல் பாக்கெட்டை விடக் கொஞ்சம் கெட்டியாக நின்றது. மணம் மட்டும் பாதிதான். புளிக்குழம்புக்கும் தேங்காய்ப்பால் கறிக்கும் இது நல்லது, அங்கே மற்ற மசாலா மணம் தூக்கிக் கொடுக்கும். வெறும் பொரியலுக்கு நான் முதல் பாக்கெட்டைத்தான் எடுப்பேன்.

இப்போது சமைக்கும் முறை, ஏனென்றால் பாக்கெட்டின் பின்னால் எழுதியிருப்பதை நம்பினால் முதல் பாக்கெட்டும் குழைந்துவிடும். அறை வெப்பத்தில் இளக வைத்துவிட்டுப் பிறகு வேகவைக்கச் சொல்கிறார்கள். அப்படிச் செய்தால் இளகும்போதே உள்நீர் எல்லாம் வெளியே வந்துவிடும், கிழங்கு பஞ்சாகிவிடும், நான் இரண்டு தடவை செய்து கெடுத்தேன். அகலமான சட்டியில் கிழங்கு முங்கும் அளவுக்கு மட்டும் தண்ணீர், உப்பு, மஞ்சள். நன்றாகக் கொதிக்கும்போது ஃப்ரீசரிலிருந்து நேராகப் போடுங்கள். கொதி அடங்கி மறுபடி கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து எட்டு அல்லது ஒன்பது நிமிஷம். கத்தி நுனி லேசாகத் தயங்கி உள்ளே போக வேண்டும், வெண்ணெயில் போகிற மாதிரிப் போனால் தாமதமாகிவிட்டது. அப்புறம் எடுத்துச் சல்லடையில் பத்து நிமிஷம் ஆற விடுங்கள், ஆவி போகப் போகக் கிழங்கு கொஞ்சம் இறுகும்.

நான் முதலில் அந்த வெந்த தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் வீடியோ காலில் அம்மா பார்த்துவிட்டார். "ஏட்டி, தண்ணியக் கீழ ஊத்தாத, கெழங்கு அதுலதான் இருக்கு" என்றார். யோசித்துப் பார்த்தால் அம்மா ஒருநாளும் சிறுகிழங்கு வெந்த தண்ணீரை வடித்ததில்லை. அளவாகத் தண்ணீர் வைத்து, அது கிழங்கிலேயே வற்ற வேண்டும் என்பதுதான் வீட்டு வழக்கம். ஃப்ரோசன் கிழங்கை அப்படி வற்றும்வரை வைத்தால் குழைந்துபோகும். அதனால் கிழங்கை வெளியே எடுத்துவிட்டு, தண்ணீரை மட்டும் தனியாக வற்றவைத்து, நாலு கரண்டி ஆனதும் பொரியலில் திரும்ப ஊற்றிப் புரட்டுகிறேன். இந்த ஒரு மாற்றத்தில் மணம் எவ்வளவு கூடியது என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை, செய்து பாருங்கள்.

பொரியல் எங்கள் வீட்டு முறைதான். இரும்புச் சட்டியில் தேங்காயெண்ணெய், கடுகு, உளுந்தம்பருப்பு, கறிவேப்பிலை, கிழங்கைப் போட்டு ஒரு பக்கம் சிவக்கும் வரை கிண்டாமல் விடுவது, அப்புறம் தேங்காய், சீரகம், வரமிளகாய், சின்ன வெங்காயம் நாலையும் ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டுப் பச்சை வாசனை போகப் புரட்டுவது. தேங்காயெண்ணெய் இல்லாமல் இது வராது. எங்கள் பக்கம் தேங்காயெண்ணெய்ச் சமையல் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு, செங்கோட்டை 1956 வரைக்கும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது, அதாவது இன்றைய கேரளத்தோடு, மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடுப்பில் பெரிய வித்தியாசம் கிடையாது. கிழங்கும் அதேதான், நமக்குச் சிறுகிழங்கு, அவர்களுக்குக் கூர்க்கா.

அந்த ஒற்றுமையால்தான் போன ஜனவரியில் எனக்குப் பாக்கெட் கிடைக்காமல் போனது. மலையாளிப் பெண்கள் மார்கழித் திருவாதிரைக்கு விரதம் இருந்து புழுக்கு செய்வார்கள், காச்சில், சேனை, சேம்பு, கூர்க்கா எல்லாம் போட்டு. அவர்களுக்குத் திருவாதிரை, நமக்குப் பொங்கல், இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நான் ஜனவரி 11 அன்று போகும்போது ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நாலு கடையிலும் காலி. அதற்கு முன்னால் இரண்டு வருஷமும் இதே மாதிரி ஆகியிருந்தது, அப்போதெல்லாம் கையில் கிடைத்ததை வைத்து மாற்றிப் பார்த்திருக்கிறேன். ஆகவே மாற்றுக் கிழங்குகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமான உருளைக்கிழங்கு வேண்டாம். மாரிஸ் பைப்பர் மாதிரி மாவுத்தன்மை அதிகமுள்ள கிழங்கைச் சிறுகிழங்கு அளவுக்கு நறுக்கிப் பொரியல் செய்தால் ஓரங்கள் உதிர்ந்து தேங்காயோடு கலந்து ஒரு புட்டு மாதிரி ஆகிவிடும். ருசியாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு பொரியல்.

ஜெருசலேம் ஆர்டிசோக் என்று ஒரு கிழங்கு குளிர்காலத்தில் இங்கே காய்கறிக் கடைகளில் வரும். பார்ப்பதற்கு மண்ணோடு, முண்டும் முடிச்சுமாக, சிறுகிழங்குக்கு அண்ணன் மாதிரி இருக்கும். கடையில் முதல்முதலாகப் பார்த்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா. ஆனால் இது சூரியகாந்திக் குடும்பம், வட அமெரிக்காவில் பிறந்தது. இதில் மாவுச்சத்துக்குப் பதில் இன்யூலின் என்ற நார்ச்சத்து இருக்கிறது, அது வயிற்றில் செரிக்காமல் குடலுக்குப் போய் நொதிக்கும். இனிப்பாக இருந்தது, பொரியலில் சட்டென்று குழைந்தது, அன்றைக்கு இரவு வீட்டில் மூன்று பேருக்கும் வயிற்று உப்புசம். பண்டிகை நாளில் விருந்தாளிக்குக் கொடுக்கிற காய் இல்லை இது.

சேம்பு இங்கே எடோ என்ற பெயரில் கரீபியன் கடைகளில் நன்றாகவே கிடைக்கிறது, க்ரீன் ஸ்ட்ரீட் பக்கம் போனால் குவித்து வைத்திருப்பார்கள். ஆனால் பொங்கலுக்கு எப்படியும் சேம்பு தனியாக ஒன்று உண்டு, சேம்புக்குச் சேம்பு மாற்றாகுமா? புளிக்குழம்பில் மட்டும் சிறுகிழங்கின் இடத்தில் போடலாம். தோலோடு அரைவேக்காடு வைத்து உரித்து, எண்ணெயில் வதக்கிவிட்டுப் புளியில் போட்டால் வழவழப்பு அடங்கும். குழம்பு கெட்டியாக வரும், அது நல்லதுதான்.

க்ரோன் என்ற கிழங்கைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். லண்டனில் ஒரு சந்தையில் பிரெஞ்சுக் காய்கறி விற்கும் இடத்தில் பார்த்தேன், வெள்ளைப் புழு சுருண்டு கிடக்கிற மாதிரி வளையம் வளையமாக, சுண்டுவிரல் நீளத்தில். பெயர்ப்பலகையில் சைனீஸ் ஆர்டிசோக் என்றும் எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால், இதுவும் புதினாக் குடும்பம்! சிறுகிழங்கின் ஒன்றுவிட்ட சொந்தம். இது உண்மையிலேயே சீனாவிலிருந்து வந்தது, 1882ல் பிரான்ஸில் க்ரோன் என்ற ஊரில் பயிர்செய்து அந்த ஊர்ப் பெயரே கிழங்குக்குப் பெயராகிவிட்டது. குடும்பம் ஒன்று என்பதால் மணமும் ஒன்றாக இருக்கும் என்று மிகுந்த நம்பிக்கையோடு 200 கிராம் வாங்கினேன், அதற்குக் கொடுத்த காசில் மூன்று பாக்கெட் கூர்க்கா வாங்கியிருக்கலாம். வளையங்களுக்குள் மண்ணை எடுக்கப் பல் துலக்கும் பிரஷ் வேண்டியிருந்தது. வெந்ததும் கரக்கரப்பாக, தண்ணீர்ச் சத்தோடு, லேசான இனிப்பாக இருந்தது. நல்ல காய், அதன் பாணியில் வெண்ணெயில் வதக்கிச் சாப்பிட்டால் அருமையாகவே இருக்கும். சிறுகிழங்கு மணம் இல்லை, மாவுக் கடியும் இல்லை. சொந்தமாக இருந்தால் மட்டும் போதாது போல.

கடைசியாக வந்ததுதான் ஆன்யா. சேன்ஸ்பரிஸ் கடையில் விற்கும் சாலட் உருளைக்கிழங்கு. விரல் நீளம், மேடும் பள்ளமும், தோல் மெல்லிசு. டெசிரே, பிங்க் ஃபிர் ஆப்பிள் என்ற இரண்டு வகைகளைச் சேர்த்து ஸ்காட்லாந்தில் உருவாக்கியது. இது மெழுகுத்தன்மை உள்ள வகை, அதாவது மாவுச்சத்து குறைவு, வெந்தாலும் உருவம் மாறாது. கொஞ்சம் கொட்டைப் பருப்பு மாதிரி ஒரு ருசி உண்டு. இதைத் தோலோடு முக்கால் வேக்காடு வைத்து, ஆறவிட்டு, இரண்டு விரல் துண்டுகளாக்கி இரும்புச் சட்டியில் போட்டேன். முதல் வாயில் என் கணவர் நிமிர்ந்து பார்த்தார். கடி அப்படியே சிறுகிழங்கு. தோலை எடுக்காமல் விட்டதால் மண் வாசனையும் கொஞ்சம் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஏமாந்துவிடுவோம் என்று பொய் சொல்ல மாட்டேன், அந்த மூலிகை மணம் இல்லை. ஆனால் இலையில் சிறுகிழங்கு இருக்கும் இடத்தில் வைத்தால் அந்த இடம் காலியாகத் தெரியாது. ஆன்யா கிடைக்காவிட்டால் சார்லட் என்ற வகையில் சின்னதாகப் பொறுக்கி எடுக்கலாம், அதுவும் உருவம் மாறாது, கொட்டைப் பருப்பு ருசிதான் குறைவு. ஜெர்சி ராயல் நன்றாக இருக்கும் என்று தோழி ஒருத்தி சொன்னாள், செய்தும் பார்த்தேன், உண்மைதான், ஆனால் அது வருவது வசந்த காலத்தில், தைக்கு உதவாது.

இந்த வருஷம் முன்னெச்சரிக்கையாக டிசம்பரிலேயே முதல் வகைப் பாக்கெட் மூன்று வாங்கி வைத்துவிட்டேன். வீட்டுக்கு ஒன்பது பேர் சாப்பிட வருவதாக இருந்தது, மூன்று பாக்கெட் ஒன்பது பேருக்குப் போதாது. அப்போதுதான் அம்மா சொன்ன தண்ணீர் ஞாபகம் வந்தது. முதலில் ஃப்ரோசன் சிறுகிழங்கை வேகவைத்து எடுத்துவிட்டு, அதே தண்ணீரில் ஒரு கிலோ ஆன்யாவைத் தோலோடு வேகவைத்தேன். உருளைக்கிழங்கு அந்த மணத்தைக் குடித்துவிட்டது. பிறகு இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரே பொரியல். வந்தவர்களில் இருவர் அம்பாசமுத்திரம், ஒருவர் கடையம், மூவருமே சிறுகிழங்கு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். கடையத்து அக்கா மட்டும் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்து "இது உருளையா?" என்றார். ஆமாம் அக்கா என்றேன். "இருக்கட்டும், இன்னும் கொஞ்சம் வை" என்றார்.

எனக்கு உண்மையான பரீட்சை மறுநாள்தான். பொங்கல் மிச்சத்தையெல்லாம், குழம்பு, பொரியல், கூட்டு எதையும் விடாமல் ஒரே சட்டியில் போட்டுச் சுண்டவைக்கிற சுண்டக்கறி, பழைய பொங்கலுக்குத் தொட்டுக்கொள்ள. ஊரில் அந்தச் சுண்டக்கறியில் பூசணி கரைந்திருக்கும், கத்தரிக்காய் தோல் மட்டும் இருக்கும், சிறுகிழங்கு மட்டும் முழுசாக, குழம்பையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு கறுப்பாக உட்கார்ந்திருக்கும். அதைத் தேடித்தேடி எடுத்துச் சாப்பிடுவதற்காகவே நாங்கள் மாட்டுப்பொங்கல் காலையில் சீக்கிரம் எழுந்திருப்போம். இங்கே என்ன ஆனது என்றால், ஃப்ரோசன் கிழங்கில் பாதி கரைந்துவிட்டது. ஐஸ் கிழித்த செல் இரண்டாவது கொதியைத் தாங்கவில்லை. அதனால் குழம்புக்கு மணமும் கெட்டியும் கிடைத்தது, கையில் எடுத்துக் கடிக்கக் கிழங்கு கிடைக்கவில்லை. ஆன்யா முழுசாக நின்றது. கறுத்து, சுருங்கி, புளியும் காரமும் இறங்கி. என் மகள் அதைத்தான் தேடித்தேடி எடுத்தாள்.

ஆகவே மதிப்பெண் கேட்பவர்களுக்கு, முதல் பாக்கெட்டுக்கு ஐந்தில் நாலு, அன்றைக்கே செய்து அன்றைக்கே சாப்பிடுவதாக இருந்தால். சுண்டக்கறிக்குப் போகும் என்றால் மூன்று. இலங்கைப் பாக்கெட்டுக்கு மூன்றரை. நறுக்கிய பாக்கெட்டுக்கு ஒன்று, அதுவும் கடைக்கார அண்ணன் மாற்றிக் கொடுத்ததற்காக. ஆன்யாவுக்குத் தனியாக மூன்றரை, சிறுகிழங்குத் தண்ணீரில் வெந்தால் நாலு.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாவூர்சத்திரம் சந்தையில் மார்கழி, தையில் மண்ணோடு குவித்துக் கிடக்கும்போது வாங்குங்கள். உரிக்க வேலை அதிகம் என்று இப்போது நிறைய வீடுகளில் விட்டுவிட்டார்கள் என்று அம்மா சொல்கிறார், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. வாங்குகிறவர்கள் இருந்தால்தான் போடுகிறவர்கள் போடுவார்கள்.

இன்னொரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். பொங்கலுக்கு வேகவைத்த தண்ணீரில் மீந்ததை நன்றாக வற்றவைத்து ஐஸ் தட்டில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தேன், பன்னிரண்டு கட்டி வந்தது. சித்திரை விஷுவுக்கு ஆன்யா பொரியல் செய்யும்போது மூன்று கட்டி போட்டேன். மணம் குறைவுதான், ஆனால் இருந்தது. இன்னும் ஒன்பது கட்டி இருக்கிறது.